நெய் உருகும், சரி. எல்டிஎல் உருகுமா?

மக்கா, இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காப்பியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க. கடுப்புல எழுதுறேன், அதனால அங்கங்க சூடா இருக்கும். பொறுத்துக்கோங்க.

கடுப்புக்குக் காரணம் ஒரு வீடியோ. ஒரே வாரத்துல நாலு குரூப்புல இருந்து எனக்கு வந்திருச்சு. மேடையில ஒருத்தர் நிக்கிறார். கையில ஒரு ஸ்பூன் நெய். அதை உள்ளங்கையில வச்சுக் காட்டுறார், உருகி ஓடுது. "கையிலேயே உருகுற நெய், 37 டிகிரி சூடு இருக்குற உடம்புக்குள்ள போய் எப்படிங்க உறைஞ்சு ரத்தக்குழாயை அடைக்கும்?" கைதட்டல். அடுத்த வரி: "கொலஸ்ட்ரால்ங்கிறதே மாத்திரை கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை." இன்னும் பெரிய கைதட்டல். அதுக்கும் அடுத்த வரி: "மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

முதல் வரி உண்மை. ரெண்டாவது பொய். மூணாவது ஆளைக் கொல்லும். முழுப் பொய்யா இருந்தா நாமளே சிரிச்சுட்டுப் போயிருப்போம். முன்னாடி ஒரு உண்மையைக் கட்டி ஓட்டுறதால பின்னாடி ரெண்டு பொய்யும் டிக்கெட் எடுக்காம ஏறி வந்திருது. அதனால ஒவ்வொண்ணா இறக்கி விடலாம்னு பார்க்கிறேன்.

முதல்ல அந்தக் குழாய் படத்தைக் கிழிச்சுப் போடுவோம்

நெய் ரத்தக்குழாய்ல போய் ஒட்டாது. எந்த ஆராய்ச்சியாளரும் ஒட்டும்னு சொல்லலை. அடுப்படி சிங்க்குல எண்ணெய்ப் பிசுக்கு அடைக்கிற மாதிரி ஒரு படம் வரைஞ்சு, பக்கத்துல இதயத்தை வரைஞ்சு சுவத்துல மாட்டி வச்சிருப்பாங்களே, அந்தப் படம்தான் தப்பு. எளிமையா சொல்றோம்னு தப்பா சொல்லிட்டாங்க. வீடியோ ஆசாமி அடிக்கிறது அந்தப் படத்தைத்தான். படம் விழுந்ததும் மொத்த வைத்தியமும் விழுந்துட்ட மாதிரி நமக்குத் தோணுது.

உள்ள நடக்கிறது வேற கதை. கொழுப்பு தண்ணியில கரையாது. ரத்தம் பெரும்பாலும் தண்ணி. அதனால கொழுப்பும் கொலஸ்ட்ராலும் புரத உறை போட்ட பொட்டலமாத்தான் ரத்தத்துல போக முடியும். கல்லீரல் அனுப்புற பொட்டலம் ஊரைச் சுத்திச் சரக்கை இறக்கினதுக்கு அப்புறம் மிஞ்சுறதுதான் எல்டிஎல். உள்ளே பெரும்பாலும் கொலஸ்ட்ரால். இந்த மிச்சத்தைத் திரும்ப உள்ள இழுத்துக்கறதும் முக்கியமா கல்லீரலோட வேலைதான். அதுக்காக கல்லீரல் செல்களோட மேல்பரப்புல கொக்கி மாதிரி ஏற்பிகள் இருக்கு. இதைக் கண்டுபிடிச்சவங்க அமெரிக்காவில் டல்லஸ் நகரத்துல வேலை பார்த்த மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனும். 1985ல் அவங்க ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு.

நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் இதுல எல்லாம் அதிகமா இருக்குற நிறைவுற்ற கொழுப்பு (பாக்கெட்டுக்குப் பின்னாடி சாச்சுரேட்டட் ஃபேட்னு போட்டிருப்பாங்களே, அதேதான்) தன் வேலையைக் காட்டுறது இந்த இடத்துலதான். அந்தக் கொக்கிகளோட வேலையை அது மந்தமாக்குது. ஒரு பேச்சுக்கு, தெருவுக்கு 10 குப்பை வண்டி வந்த இடத்துல 8 வண்டி வந்தா என்ன ஆகும்? யாரும் புதுசா குப்பை கொட்ட வேண்டாம். பழைய அளவு கொட்டினாலே தெரு நாறும்.

அப்படி எடுக்க ஆளில்லாம சுத்துற எல்டிஎல், தமனியோட உள்சுவர் வழியா அடியில நுழைஞ்சு மாட்டிக்குது. அங்கேயே கெட்டுப்போகுது. அதைத் தின்ன வெள்ளை அணுக்கள் வருது. தின்னு தின்னு நுரை மாதிரி ஊதி, அங்கேயே சாகுது. மேல ஒரு மூடி கட்டுது. என்னைக்காவது அந்த மூடி கிழிஞ்சா, காயம் பட்ட இடத்துல ரத்தம் உறையுற மாதிரி அங்கேயும் உறையுது. பெரும்பாலான மாரடைப்பு இப்படி வர்றதுதான்.

கவனிச்சீங்களா? அழுக்கு சேர்றது குழாயோட ஓட்டையில இல்ல, சுவத்துக்கு உள்ளே. சேர்றது நெய்யும் இல்ல. நெய் 37 டிகிரியில உருகும் சாமி, யாரு இல்லைன்னா? எல்டிஎல் பிரச்சினைக்கும் உருகுறதுக்கும் என்ன சம்பந்தம்?

இது ஒரு ராத்திரியில நடக்கிறதும் இல்ல. கொரியப் போர்ல இறந்துபோன 300 அமெரிக்கச் சிப்பாய்களோட இதயத்தைப் பரிசோதிச்சு 1953ல் ஒரு கட்டுரை வந்தது. சராசரி வயசு 22. நூத்துக்கு 77 பேருக்குக் கொஞ்சமாவது தமனி நோயோட அடையாளம் இருந்தது. 22 வயசு! எல்டிஎல் எவ்வளவு, எத்தனை வருஷம், இந்த ரெண்டையும் பெருக்கணும். கந்துவட்டி மாதிரி. "நான் 10 வருஷமா நெய் சாப்பிடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்றவங்க, கடன் வாங்கின முதல் மாசமே 'வட்டி ஒண்ணும் பெருசா இல்லையே'ன்னு சொல்றவங்க ஜாதி.

"ஆன்செல் கீஸ் ஒரு பிராடு. 22 நாட்டுல தனக்குத் தோதான 7 நாட்டை மட்டும் பொறுக்கினார்"

இது இல்லாம ஒரு நெய் சொற்பொழிவும் முடியாது. ரெண்டு தனித்தனி சமாச்சாரத்தை ஒண்ணாப் போட்டுக் கிண்டின உப்புமா இது.

1953ல் கீஸ் ஒரு கட்டுரையில 6 நாடுகளோட கொழுப்பு உணவையும் இதய நோய் சாவையும் ஒரு வரைபடமா போட்டார். 1957ல் யெருஷால்மி, ஹில்லபோன்னு ரெண்டு பேர், "22 நாட்டுக்குப் புள்ளிவிவரம் இருக்கே, ஏன் ஆறு மட்டும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. 22ஐயும் போட்டா தொடர்பு பலவீனமாச்சு. இது முதல் சமாச்சாரம்.

ஏழு நாடுகள் ஆய்வுங்கிறது அதுக்கு அப்புறம் 1958ல் தொடங்கினது. அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யுகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான். கிட்டத்தட்ட 12,700 ஆண்களை நேர்ல பரிசோதிச்சு, வருஷக் கணக்கா பின்தொடர்ந்த ஆய்வு. முடிவு தெரிஞ்ச 22ல இருந்து 7ஐ உருவி எடுத்த கதையே கிடையாது. அந்த ஆய்வுலயும் குறை உண்டு, நாடுகளை ஒப்பிடுறப்போ பல விஷயம் குழம்பும். ஆனா குறை வேற, மோசடி வேற. ஒருத்தரை மோசடிக்காரர்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு தேதியைச் சரிபார்க்க மாட்டீங்களா? இத்தனைக்கும் மனுஷன் 100 வயசு வரை வாழ்ந்து 2004லதான் போய்ச் சேர்ந்தார்.

கீஸை விடுங்க. அவர் பொறக்கவே இல்லைன்னு வச்சுக்கிட்டாலும் எல்டிஎல் குற்றவாளிதான். பிறவியிலேயே அந்தக் கொக்கி சரியா வேலை செய்யாத குழந்தைகள் இருக்காங்க. அப்பா அம்மா ரெண்டு பக்கமும் அந்தக் கோளாறு வந்துட்டா, 20 வயசுக்குள்ளயே மாரடைப்பு வரலாம். அந்தக் குழந்தைங்க எத்தனை கிலோ வெண்ணெய் தின்னிருக்கும்? இதுக்கு நேர் எதிரா, கொக்கியை அழிக்கிற பிசிஎஸ்கே9ங்கிற புரதம் பிறவியிலேயே குறைவா இருக்குறவங்களும் உண்டு. 2006ல் வந்த அமெரிக்க ஆய்வுல அப்படிப்பட்ட கறுப்பின மக்களோட எல்டிஎல் 28 சதவீதம் கம்மி, இதய நோய் ஆபத்து 88 சதவீதம் கம்மி. எந்த மாத்திரை கம்பெனிக்காரன் கருப்பைக்குள்ள போய் இதை ஏற்பாடு பண்ணினான்?

"2014லயே வெண்ணெய் நல்லதுன்னு நிரூபிச்சுட்டாங்களே"

இது கொஞ்சம் கனமான வாதம், அதனால மரியாதையோட பதில் சொல்றேன். 2014ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, நிறைவுற்ற கொழுப்புக்கும் இதய நோய்க்கும் தெளிவான தொடர்பு இல்லைன்னு சொன்னது நிஜம். டைம் பத்திரிகை அட்டையில வெண்ணெயைப் போட்டு கொண்டாடினதும் நிஜம்.

ஆனா ஒரு கேள்வி விட்டுப்போச்சு. வெண்ணெயைக் குறைச்சவங்க அதுக்குப் பதிலா எதைத் தின்னாங்க? வயிறு காலியா இருக்காதே! வெள்ளை ரொட்டி, சர்க்கரை, பிஸ்கட்டு தின்னிருந்தா, ஒரு திருடனை அனுப்பிட்டு இன்னொரு திருடனை வீட்டுக்குள்ள கூப்பிட்ட கணக்கு. 2015ல் ஹார்வர்டு ஆட்கள் இதைப் பிரிச்சுப் பார்த்தாங்க. மொத்தக் கலோரியில 5 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பை எடுத்துட்டு, அந்த இடத்துல சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள்ல இருக்குற மாதிரியான கொழுப்பை வச்சா ஆபத்து 25 சதவீதம் குறைவு. முழுதானியம் வச்சா 9 சதவீதம் குறைவு. மைதா, சர்க்கரை வச்சா பெருசா ஒரு வித்தியாசமும் இல்லை. 2020ல் காக்ரேன் குழு சோதனைகளை மட்டும் தொகுத்துப் பார்த்தப்போ, நிறைவுற்ற கொழுப்பைக் குறைச்சவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான நிகழ்வுகள் மொத்தமா 17 சதவீதம் குறைவு. மொத்தச் சாவு எண்ணிக்கையில பெரிய வித்தியாசம் இல்லைன்னும் அதே அறிக்கை சொல்லுது. அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

1968ல் ஆரம்பிச்ச மினசோட்டா சோதனையையும் இழுப்பாங்க. 2016ல் பழைய தரவைத் தோண்டி எடுத்துப் பார்த்தப்போ, சோள எண்ணெய்க்கு மாத்தினவங்களுக்குக் கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது, சாவு குறையலை. உண்மைதான். ஆனா அதுல பெரும்பாலானவங்க ஒரு வருஷம்கூட அந்த உணவுல இருக்கலை. வருஷக்கணக்குல சேர்ற அழுக்கை ஒரு வருஷத்துல எடை போட்டா தராசு என்ன காட்டும்?

நீண்ட நாள் எடை பார்க்கணும்னா பின்லாந்துக்கு வாங்க. அங்க வடக்கு கரேலியா மாகாணம். 1970கள் தொடக்கத்துல, ஆண்கள் இதய நோயில சாகுறதுல உலகத்துலேயே முன்வரிசை. பால் பண்ணை ஊரு, ரொட்டி மேல வெண்ணெயை அப்பித் தின்பாங்க. 1972ல் பெக்கா புஸ்கான்னு ஒரு இளம் டாக்டர் தலைமையில ஒரு திட்டம். வெண்ணெயைக் குறை, கொழுப்பு எடுத்த பாலுக்கு மாறு, கடுகு இனத்து எண்ணெயில சமை, உப்பைக் குறை, பீடி சிகரெட்டை விடு. 40 வருஷத்துல உழைக்கும் வயசு ஆண்கள் இதய நோயில சாகுறது 80 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சது. புகையும் உப்பும் குறைஞ்சதும் அதுல சேர்த்தி. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்ததுல பெரிய பங்கு கொலஸ்ட்ரால் இறங்கினதுக்குத்தான்.

"தேங்காய் எண்ணெய் மட்டும் விதிவிலக்கு"

இப்போ வீட்டுச் சண்டை. நான் நாகர்கோவில்காரன். ஏத்தங்கா வத்தலைத் தேங்காய் எண்ணெய்ல வறுக்காம வேற எதுல வறுத்தாலும் அது வத்தலே கிடையாது. அவியல்ல கடைசியா பச்சையா ஊத்துற அந்த ஒரு கரண்டி எண்ணெய்க்கு நான் சொத்தை எழுதி வைப்பேன். அதனால தென்னைக்கு எதிரின்னு என்னைச் சொல்லிடாதீங்க.

ஆனா கணக்கு கணக்குதான். தேங்காய் எண்ணெய்ல நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம். நெய்யைவிட அதிகம். "அது லாரிக் அமிலம், நடுத்தரச் சங்கிலி, நேரா கல்லீரலுக்குப் போய் எரிஞ்சிரும்"னு சொல்றாங்க. நேரா போறது முக்கியமா அதைவிடக் குட்டையான சங்கிலிகள். லாரிக்கோட பெரும்பகுதி மத்த கொழுப்பு போற வழியிலேயேதான் போகுது. 2020ல் 16 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தாங்க: சூரியகாந்தி, ஆலிவ் மாதிரி எண்ணெய்களோட ஒப்பிட்டா, தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை சுமார் 10 புள்ளி ஏத்துது. ஹெச்டிஎல்லையும் 4 புள்ளி ஏத்துது. நம்மாளுங்க அந்த 4ஐ மட்டும் பேனர் அடிச்சு மாட்டுறாங்க. ஹெச்டிஎல்லை மருந்து கொடுத்து ஏத்திப் பார்த்த சோதனைகள்ல மாரடைப்பு குறையலைங்கிறது அந்த பேனர்ல இருக்காது.

பசிபிக் தீவுக்காரங்க தேங்காயிலேயே வாழ்ந்தாங்களேன்னு அடுத்து வரும். டோக்கெலாவ், புகாபுகா தீவுகளைப் பத்தின அந்த ஆய்வு 1981ல் வந்தது. அவங்களுக்கு இதய நோய் அபூர்வம்தான். ஆனா தின்னது தேங்காய், மீன், கிழங்கு. சர்க்கரை கம்மி, உழைப்பு ஜாஸ்தி. அதுக்கும் மேல ஒரு வேடிக்கை: ரெண்டு தீவுல தேங்காயை அதிகமா தின்ன டோக்கெலாவ்காரங்களுக்குத்தான் கொலஸ்ட்ரால் அதிகமா இருந்தது. அவங்க கொண்டு வந்த சாட்சியே அவங்களுக்கு எதிரா சொல்லுது!

மரச்செக்கு எண்ணெய்க்கும் ஒரு வார்த்தை. செக்குல ஆட்டினா வாசனை நல்லா இருக்கும், நானும் அதுதான் வாங்குறேன். ஆனா மாடு சுத்தினாலும் மோட்டார் சுத்தினாலும் தேங்காய்க்குள்ள இருக்குற நிறைவுற்ற கொழுப்பு அதேதான். அந்த வீடியோவோட கடைசியில செக்கு எண்ணெய் விக்கிற போன் நம்பர் ஓடுது பாருங்க. மாத்திரைக்காரன் வியாபாரி, இவர் மட்டும் வள்ளலா? இத்தனைக்கும் நாட்டுல பரவலா எழுதிக் கொடுக்குற கொலஸ்ட்ரால் மாத்திரைகளோட காப்புரிமை எப்பவோ முடிஞ்சு, பல கம்பெனி போட்டி போட்டு விக்குது.

"எங்க தாத்தா நெய்யிலேயே குளிச்சார்"

உங்க தாத்தா சரி, அவர் கூடப் பொறந்தவங்க எத்தனை பேர் நெஞ்சைப் பிடிச்சுட்டுப் போனாங்கன்னு யாராவது எழுதி வச்சிருக்கீங்களா? பொழைச்ச தாத்தாதான் கதை சொல்லுவார். போன தாத்தா போட்டோவுல இருப்பார். இன்னொண்ணு, நம்மள்ல பாதிப் பேரோட தாத்தாவுக்கு நெய்ங்கிறது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான். அன்னிக்கு விரல் நுனியில தொட்டதை நினைச்சுக்கிட்டு இன்னிக்கு நாம கரண்டியில ஊத்துறோம்.

சரி, எவ்வளவுதான் சாப்பிடலாம்? மொத்தக் கலோரியில 10 சதவீதத்துக்கு மேல நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2000 கலோரி சாப்பிடுறவருக்கு அது சுமார் 22 கிராம். டீஸ்பூன் நெய்யில சுமார் 3 கிராம். பருப்புசாதத்துக்கு ஒரு ஸ்பூன் விட்டா யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டாங்க. ஆனா ரெண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் உள்ள போச்சுன்னா அன்னியக் கோட்டா முடிஞ்சுது. அதுக்கு மேல பால், கறி, டீக்கடை வடை, பேக்கரி பப்ஸ். ரேஷன் கடைப் பாமாயில்ல பாதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெய்ல 15 சதவீதத்தை ஒட்டி, கடலை எண்ணெய்ல 20க்குள்ள. இதுவும் நம்ம எண்ணெய்தானே? பாரம்பரியம்னா தேங்காயும் நெய்யும் மட்டும்தானா?

ஏன் இவ்வளவு கத்துறேன்

நெய்யா நல்லெண்ணெய்யாங்கிற சண்டை எப்படிப் போனாலும் எனக்குத் தூக்கம் வரும். தூக்கம் வராதது அந்த மூணாவது வரியால.

எங்க சொந்தத்துல ஒரு அண்ணன். 50 தாண்டினவர். ரெண்டு ஸ்டென்ட் வச்சு, மாத்திரை சாப்பிட்டு, எல்டிஎல் 70க்குக் கீழ வந்து, நல்லா இருந்தார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில எங்கிட்ட சொன்னார்: "லேய் மக்கா, நான் மாத்திரைய எல்லாம் தூரப் போட்டாச்சு கேட்டியா. நெய்யும் தேங்காயும்தான் இப்போ. உடம்பு சும்மா காத்து மாதிரி இருக்கு பாத்துக்க." நான் சொல்லிப் பார்த்தேன், மைனி அழுது பார்த்தாங்க. வீடியோ ஆசாமியோட குரல் எங்களைவிடப் பெருசு. அடுத்த ரத்தப் பரிசோதனையில எல்டிஎல் 168. அதுக்குப் பிறகு மூணாவது மாசம் அடுத்த மாரடைப்பு. உயிர் இருக்கு. மாடிப்படி பாதி ஏறினதும் உக்காந்துருவார். தென்னந்தோப்பைச் சுத்தி வந்த மனுஷன்.

ஒரு ஆளோட கதை நிரூபணம் ஆகாதுன்னு எனக்கும் தெரியும். அதனால 4,444 பேரோட கதையைச் சொல்றேன். 1994ல் முடிவு வெளிவந்த ஆய்வு இது. ஸ்கான்டிநேவிய நாடுகள்ல, ஏற்கெனவே இதய நோய் வந்தவங்களை ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்து வருஷத்துக்கும் கொஞ்சம் மேல பார்த்தாங்க. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 256 பேர் செத்தாங்க. மருந்து சாப்பிட்டவங்கள்ல 182 பேர். இடையில இருக்குற 74 பேர் வீட்டுக்குப் போனாங்க. கொலஸ்ட்ரால் கட்டுக்கதைன்னா அந்த 74 பேர் எப்படிப் பொழைச்சாங்க?

அதனால பதிவர்களே, ஒரே ஒரு கோரிக்கை. நெய்யைப் பத்திக் கவிதை எழுதுங்க, தேங்காய் எண்ணெய்ல சமையல் குறிப்பு போடுங்க, முதல் ஆளா வந்து பின்னூட்டம் போடுறேன். ஆனா "மாத்திரையை நிறுத்துங்க"ன்னு முடியுற எதையும் பதிவாவும் போடாதீங்க, ஃபார்வர்டும் பண்ணாதீங்க. மாத்திரையால தொந்தரவு இருந்தா எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க, அளவைக் குறைக்கலாம், வேற மருந்துக்கு மாத்தலாம். நம்ம பக்கத்தைப் படிக்கிறவங்கள்ல யாரோட நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் இருக்குன்னு நமக்குத் தெரியாது.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை. மேடையில நெய் உருக்கினவரும் இல்லை.

டிஸ்கி 2: முட்டை பத்திக் கேக்கப் போறவங்களுக்கு: உணவுல இருக்குற கொலஸ்ட்ராலும் நிறைவுற்ற கொழுப்பும் ஒண்ணு இல்ல. பெரும்பாலானவங்களுக்கு முட்டையோட பாதிப்பு கம்மி. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015க்கு அப்புறம் தினம் 300 மில்லிகிராம்ங்கிற வரம்பை எடுத்ததும் அதனாலதான். அதே வழிகாட்டி நிறைவுற்ற கொழுப்புக்கான 10 சதவீத வரம்பைத் தொடவே இல்லை. பாதியை மட்டும் படிக்காதீங்க.

டிஸ்கி 3: கும்ம வர்றவங்க தாராளமா வாங்க. வரும்போது கடைசியா எடுத்த எல்டிஎல் ரிப்போர்ட்டைக் கையில வச்சுட்டு வந்தா பேச வசதியா இருக்கும் :-)